வெள்ளைக் காருக்குப் பளபளப்பு வருமா, வராதா?

28 ஜூலை, இரவு 9.40 – வெள்ளைமைவி

அண்ணே, ஆவணியில் அக்காவுக்குக் கல்யாணம். பொண்ணு காராக என் மைவிதான் போகிறது. வெள்ளை, ஏழு வருஷ வண்டி, இருப்பது மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில். ஸ்பிரே கடையில் கேட்டால், "வெள்ளைக்கு என்ன பாலிஷ் போட்டாலும் தெரியாது, காசைக் கரியாக்காதே" என்கிறார். இன்னொரு கடையில் 350 ரிங்கிட் கொடு, முகம் பார்க்கிற அளவுக்கு ஆக்கித் தருகிறேன் என்கிறார். யார் சொல்வது சரி?

28 ஜூலை, இரவு 10.25

இரண்டு பேரும் பாதிதான் சரி.

கறுப்புக் கார் ஏன் மின்னுகிறது என்று முதலில் பார். பெயின்டுக்கு மேலே கிளியர் என்று நிறமில்லாத பூச்சு ஒன்று இருக்கிறது. நேராக விழும் வெளிச்சத்தில் சுமார் 4 சதவீதத்தை அது அப்படியே திருப்பி அனுப்பும். மீதி உள்ளே போகும். கறுப்பில் உள்ளே போனது உள்ளேயே அடங்கிவிடும். கண்ணுக்குக் கிடைப்பது அந்த 4 சதவீதம் மட்டும்தான், அதனால் முகம் தெரிகிறது. வெள்ளையில் உள்ளே இருப்பது டைட்டேனியம் டைஆக்சைடு. உள்ளே போன வெளிச்சத்தில் பெரும்பங்கை அது நாலாபக்கமும் சிதறடித்து வெளியே தள்ளிவிடும். அதற்கு நடுவில் 4 சதவீதம் எடுபடாது. பளபளப்பை அளக்கிற மீட்டரை 60 பாகையில் வைத்துப் பார்த்தால், ஒரே தரத்தில் கிளியர் அடித்த கறுப்புக்கும் வெள்ளைக்கும் இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே எண்தான் வரும். வித்தியாசம் நம் கண்ணில்.

ஆகவே முகம் பார்க்கிற ஆசையை விட்டுவிடு. வெள்ளையில் பளபளப்பு என்றால் கறையில்லாத வெண்மை, அதன் மேல் விளிம்பு கலங்காமல் விழுகிற வெளிச்சக் கோடு. இது வரும். பெரும்பாலும் மேலே என்ன பூசுகிறோம் என்பதில் இல்லை, மேலே இருப்பதை எவ்வளவு எடுக்கிறோம் என்பதில் இருக்கிறது.

29 ஜூலை, காலை 7.05

வேலைக்குப் போகிற அவசரத்தில் ஒன்று. காரைக் கழுவிக் காயவிட்டு, மெல்லிய பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டு பானெட்டைத் தடவிப் பார். பை விரல்நுனியின் உணர்வைக் கூர்மையாக்கிவிடும். சொரசொரவென்று மணல் ஒட்டியதுபோலத் தட்டினால், பாலிஷ் பேச்சே இப்போது வேண்டாம். சொரசொரப்பின் மேல் பாலிஷ் போட்டால் அந்தத் துகளையே கார் முழுக்கத் தேய்க்கிறோம் என்று அர்த்தம்.

29 ஜூலை, இரவு 8.50

தடவிப் பார்த்தேன், தட்டுகிறது என்று எழுதியிருக்கிறாய். தட்டாமல் இருந்தால்தான் ஆச்சரியம். நம் பக்கத்துக் கார்மேல் என்னவெல்லாம் விழுகிறது என்று கோலாலம்பூர்க்காரர்கள் எடுக்கிற வீடியோவில் சொல்வதில்லை.

முதலாவது செம்பனை (எண்ணெய்ப் பனை) ஆலைச் சாம்பல். ஆலையில் பாய்லருக்கு எரிபொருளே செம்பனை நாரும் கொட்டை ஓடும்தான். புகைக்கூண்டிலிருந்து வரும் சாம்பலில் சிலிக்கா இருக்கிறது, பொட்டாசியம் நிறைய இருக்கிறது, அதனால் காரத்தன்மை. ராத்திரிப் பனியில் நனைந்தால் பெயின்டைக் கடிக்கும். காய்ந்தபின் துடைத்தால் உப்புத்தாள் வேலை செய்யும். இரண்டாவது செம்மண். மறுநடவு நடக்கிற இடங்களில் லோரி போனால் ரோட்டோரத்து வீட்டுச் சுவரே சிவந்து கிடக்கும், கார் எம்மாத்திரம். மூன்றாவது தார்ப்புள்ளி, கதவின் கீழ்ப்பாதியில் பார். நான்காவது இரும்பு. பிரேக் தட்டிலிருந்து பறக்கும் தூள் நுண்ணிய துணுக்காக கிளியரில் குத்திக்கொண்டு துரு ஏறும். வெள்ளையில் அது ஆரஞ்சுப் பொட்டாகத் தெரியும். கறுப்புக் காரிலும் அதே அளவு இருக்கும், பார்க்க முடியாது, அவ்வளவுதான். ரயில் பாதைக்கு அருகிலோ வெல்டிங் பட்டறைக்கு அருகிலோ நிறுத்துகிறாயா?

29 ஜூலை, இரவு 9.10 – வெள்ளைமைவி

வீட்டுக்கு அடுத்து கேட் செய்கிற பட்டறை அண்ணே.

29 ஜூலை, இரவு 9.12

சரியாப் போச்சு.

2 ஆகஸ்ட், மாலை 6.30

இரும்பை எடுக்க அயர்ன் ரிமூவர் என்று கேட்டு வாங்கு. நிறமில்லாமல் இருக்கும், இரும்பைத் தொட்டதும் ஊதாவாக மாறி வழியும். உள்ளே இருப்பது தயோகிளைகோலேட் உப்பு. தலைமுடி சுருட்டுகிற பெர்மிங் மருந்திலும் இதே குடும்பம்தான், அதனால் நாற்றமும் அதே. அழுகிய முட்டை. வீட்டில் சமையல் நடக்கிற நேரம் பார்த்து அடிக்காதே. என் மனைவி ஜன்னல்களைச் சாத்திய வேகத்தை நான் சொல்லித்தான் நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை.

வெயிலில் அடிக்கக்கூடாது, சூடான தகரத்தில் அடிக்கக்கூடாது, காய விடக்கூடாது. மூன்று நான்கு நிமிஷத்தில் நிறைய தண்ணீர் விட்டுக் கழுவு. கையுறை போட்டுக்கொள். முதல் தடவை வெள்ளைக் கதவில் ஊதாக் கோடுகள் ஓடுவதைப் பார்த்தால் வண்டிக்கு ரத்தம் வருகிறதோ என்று தோன்றும். பயப்படாதே, அது போக வேண்டியதுதான்.

தாருக்குத் தனி மருந்து கிடைக்கிறது. இல்லையென்றால் மண்ணெண்ணெயைத் துணியில் தொட்டு ஒற்றியெடு, உடனே சோப்புத் தண்ணீரால் கழுவு. பால்மரத்துப் பால், அதாவது ரப்பர்ப் பால், சொட்டிக் காய்ந்திருந்தால் மருந்தே வேண்டாம். விரலால் உருட்டினால் திரண்டு வந்துவிடும்.

3 ஆகஸ்ட், காலை 10.15

அதன்பிறகும் ஒட்டியிருப்பதற்குக் கிளே. களிமண் மாதிரி ஒரு கட்டி. ஷாம்பூ தண்ணீர் தாராளமாக விட்டு, அழுத்தாமல், நேர்கோட்டில் வழுக்கிக்கொண்டு போ. முதலில் கரகரவென்று சத்தம் வரும், பிறகு சத்தம் நின்றுவிடும். நின்றால் அந்த இடம் முடிந்தது. கட்டி கீழே விழுந்தால் எடுத்துத் தூர எறிந்துவிடு. காசு கொடுத்து வாங்கியது என்று கழுவிப் பயன்படுத்தினால் மணல் உள்ளேயே இருக்கும். கூரையை மறக்காதே. கல்யாண மண்டபத்து மாடியில் இருந்து போட்டோ எடுப்பவர் கூரையைத்தான் எடுப்பார்.

இந்த இடத்திலேயே நிறுத்திக் கழுவித் துடைத்துப் பார். வெள்ளைக் காரில் பாதிப் பேருக்கு இதுவே போதும். "பாலிஷ் போட்டாயா?" என்று கேட்பார்கள்.

5 ஆகஸ்ட், இரவு 11.00

பற்பசை, தேங்காய் எண்ணெய், வாழைப்பழத்தோல் என்று வரிசையாக எழுதியிருக்கிறீர்கள். பலகாரம் செய்யப் போகிறோமா, பாலிஷ் போடப் போகிறோமா? தேங்காய் எண்ணெய் அரை நாள் மின்னும், அப்புறம் ஊரில் உள்ள தூசியெல்லாம் வந்து உட்காரும். பற்பசையில் தேய்க்கும் துகள் உண்டு, ஆனால் அது பல்லுக்கு அளந்து போட்டது.

9 ஆகஸ்ட், மாலை 5.45

இப்போது பாலிஷ். இங்கேதான் பேச நிறைய இருக்கிறது.

கிளியரின் கனம் சுமார் 40 முதல் 50 மைக்ரான். தலைமுடி ஒன்றின் கனம் அதைவிட அதிகம். புற ஊதாக் கதிரைத் தாங்குகிற சரக்கும் அந்தக் கிளியரில்தான். ஒரு நல்ல மெஷின் பாலிஷ் ஓரிரண்டு மைக்ரானை எடுத்துவிடும். அதாவது பாலிஷ் என்பது சேர்ப்பதல்ல, சீவுவது. வருஷா வருஷம் தீபாவளிக்கு ஒரு தடவை மெஷின் போட்டால் பத்து வருஷத்தில் கூரை உரிய ஆரம்பிக்கும். பழைய வண்டிகளின் பானெட் வெள்ளை வெள்ளையாகத் தோல் உரிந்து நிற்பதைப் பார்த்திருப்பாய், அந்த நிலைக்குப் பாலிஷ் மருந்தில்லை.

வெள்ளையில் சுழிக் கீறல்கள் தெரியாது, அதனால் இல்லை என்று நினைத்துவிடாதே. ராத்திரியில் போனின் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பார். விளக்கைச் சுற்றி நூல் நூலாக வட்டமடிக்கும். இவைதான் வெளிச்சத்தைச் சிதறடித்து வெண்மையைச் சாம்பல் பூத்ததுபோல் மங்கடிக்கின்றன. அவற்றில் மேலோட்டமானவை போனால் போதும். ஆழமான கீறலைத் துரத்திக்கொண்டு போனால் கிளியர்தான் தீரும். நகம் மாட்டுகிற கீறலை விட்டுவிடு, வெள்ளையில் அடுத்த ஆள் கண்ணில் படாது. இது ஒன்றுதான் வெள்ளை நமக்குச் செய்கிற சலுகை.

ரோட்டரி மெஷினை முதல் தடவையிலேயே எடுக்காதே. ஒரே இடத்தில் சுற்றிச் சூடேற்றும். டி.ஏ. (டூயல் ஆக்‌ஷன்) மெஷின் சுற்றிக்கொண்டே ஆடும், கை தவறினாலும் மன்னிக்கும். மென்மையான பஞ்சு பேட், ஃபினிஷிங் பாலிஷ், பட்டாணி அளவில் நான்கு சொட்டு. ஒன்றரை அடிச் சதுரம் எடுத்துக்கொண்டு நெடுக்காகவும் குறுக்காகவும் மெதுவாக ஓட்டு. எப்போதும் மென்மையானதில் ஆரம்பி. போதவில்லை என்றால் மட்டும் காம்பவுண்டுக்கு, அதாவது இன்னும் கரடாகத் தேய்க்கிற பாலிஷுக்கு, போ. கதவு மடிப்பு, பானெட் விளிம்பு, இங்கெல்லாம் பூச்சு மெல்லிசு, டேப் ஒட்டி மறைத்துவிடு. போர்ச்சுக்குள் காலை நேரத்தில் செய். தகரம் கையில் சுடுகிற நேரத்தில் பாலிஷ் காய்ந்து சுண்ணாம்பாக ஒட்டும், துடைத்து மாளாது.

வெள்ளையில் இன்னொரு தொந்தரவு: எங்கே துடைத்தோம், எங்கே மிச்சம் இருக்கிறது என்று தெரியாது. பாலிஷும் வெள்ளை, காரும் வெள்ளை. கறுப்பு மைக்ரோஃபைபர் துணி வாங்கு.

9 ஆகஸ்ட், இரவு 10.40

350 ரிங்கிட் கடையைப் பற்றிக் கேட்டாய். அவரைக் குறை சொல்லவில்லை. ஒரே ஒரு சோதனை. ஒரு கதவை முடித்ததும் ஐசோபுரோப்பில் ஆல்கஹாலைத் தண்ணீரில் கலந்து துடைத்துக் காட்டச் சொல். சில காம்பவுண்டில் எண்ணெய்ச் சத்து அதிகம், கீறலை நிரப்பி மறைக்கும், நாலு மழையில் பழையபடி எல்லாம் வெளியே வரும். ஆல்கஹால் அந்த எண்ணெயை எடுத்துவிடும். துடைத்த பிறகும் நன்றாக இருந்தால் கடைக்காரர் வேலைக்காரர், காசைக் கொடு. முகத்தைச் சுளித்தால் டீ குடித்துவிட்டு வந்துவிடு.

10 ஆகஸ்ட், காலை 8.20 – லோரிக்காரன்

என் 'கஞ்சில்' கார் 1990களின் வண்டி. பாலிஷ் போட்டால் துணியெல்லாம் வெள்ளையாகிறது. பெயின்டே போகிறதா?

10 ஆகஸ்ட், பகல் 12.50

நல்ல கேள்வி. பழைய வண்டிகளில் சில, கிளியர் இல்லாமல் நிறம் மட்டும் அடித்தவை. அவற்றில் தேய்த்தால் நிறமே துணிக்கு வரும். சிவப்புக் காராக இருந்தால் சிவப்பு வரும், கேள்விக்கே இடமில்லை. வெள்ளையில் வருவது காம்பவுண்டா, பெயின்டா என்று எப்படிச் சொல்வது? வெள்ளையல்லாத பாலிஷைத் தேடி, கறுப்புத் துணியில் தொட்டு, கதவு இடுக்கில் தேய்த்துப் பாருங்கள் அண்ணே. அப்போதும் வெள்ளை வந்தால் பெயின்டுதான். அது கெட்டதல்ல. மேலே வெயிலில் சுண்ணாம்பாகிப்போன தோல்தான் முதலில் வரும், உள்ளே புது வெள்ளை இருக்கும். கையாலேயே மெதுவாகச் செய்யுங்கள். அப்புறம் மெழுகு கட்டாயம், ஏனென்றால் காப்பாற்ற மேலே கிளியர் கிடையாது.

தம்பி, உன் மைவிக்கு இது பொருந்தாது. அதற்குக் கிளியர் உண்டு.

16 ஆகஸ்ட், மாலை 7.15

பாலிஷுக்கு மேல் என்ன பூசுவது? கார்னாபா மெழுகு நல்ல பேர் வாங்கியது. பிரேசிலில் வளரும் ஒரு வகைப் பனையின் ஓலையிலிருந்து எடுப்பது. செம்பனைக்கு நடுவே வாழ்கிற நாம் இன்னொரு பனையின் மெழுகை இறக்குமதி செய்து பூசுகிறோம், இருக்கட்டும். கறுப்பிலும் சிவப்பிலும் அது தரும் ஆழம் வெள்ளையில் தெரியாது. நம் வெயிலிலும் மழையிலும் சில வாரம் தாங்கினால் பெரிது. வெள்ளைக்கு நான் எடுப்பது சீலன்ட், மெழுகுக்குப் பதிலாகப் பூசுகிற செயற்கைக் காப்புப் பூச்சு. மஞ்சள் சாயல் இல்லாமல் தெளிவாக இருக்கும், மாதக்கணக்கில் நிற்கும்.

செராமிக் கோட்டிங், அதாவது கிளியரின் மேல் இறுகிப் பிடிக்கிற கடினப் பூச்சு, பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். அழுக்கு எளிதில் போகும், ஆலைச் சாம்பலுக்கும் பறவை எச்சத்துக்கும் கொஞ்சம் தாங்கும், உண்மைதான். ஆனால் 9எச் என்று போட்டிருப்பது பென்சில் கடினச் சோதனை அளவு, வைரத்துக்கு அடுத்த கடினம் என்று விற்கிறவர் கதை சொல்கிறார். கீறல் விழும். கல்யாணம் இரண்டு வாரத்தில் என்றால் அதில் இறங்காதே.

17 ஆகஸ்ட், காலை 9.00

முதல் நாளே சொல்லியிருக்க வேண்டியது: வெள்ளையை வெள்ளையாகக் காட்டுவது பக்கத்தில் இருக்கிற கறுப்பு. டயர் பழுப்பேறி, கண்ணாடிக் கூடும் வைப்பர் பலகையும் சாம்பல் பூத்து, விளக்கு மஞ்சளாகி நின்றால் நீ பானெட்டில் எத்தனை மணி நேரம் தேய்த்தாலும் வண்டி கிழடாகத்தான் தெரியும். பிளாஸ்டிக்குக்கு ட்ரிம் டிரெஸ்ஸிங், டயருக்குத் தண்ணீர் கலந்த வகை. எண்ணெய் வகையை டயரில் பூசினால் வண்டி ஓடும்போது வெள்ளைக் கதவில் கறுப்பாகத் தெறிக்கும்.

முன்விளக்கு பாலிகார்பனேட் பிளாஸ்டிக். மேலே இருக்கும் காப்புப் பூச்சு வெயிலில் போய்விட்டால் மஞ்சளாகும். 1000, 2000, 3000 நீர்த்தாள், வரிசையாக, ஈரத்தோடு, பிறகு பாலிஷ். அதோடு விட்டால் சில மாதத்தில் திரும்ப மஞ்சள். புற ஊதா தாங்கும் கிளியரை மேலே அடித்தால்தான் நிற்கும்.

பம்பர் ஒரு வெள்ளை, கதவு ஒரு வெள்ளையாக இருக்கிறதே, பாலிஷில் சரியாகுமா என்று கேட்டாய். எப்போதோ இடித்து மறுபடி அடித்த பம்பர் அது. அதைப் பாலிஷ் ஒன்றும் செய்யாது. நம்பர் பிளேட் பக்கம் பெரிய ரிப்பன் கட்டு.

23 ஆகஸ்ட், இரவு 9.35

கழுவியதும் பொட்டுப் பொட்டாக வெள்ளைத் தடம். இங்கே எழுதுகிற ஈப்போ, சுங்கை சிப்புட்காரர்கள் எல்லாருக்கும் இதே புகார். ஊரைச் சுற்றிச் சுண்ணாம்புக் குன்று நிற்கிறது, கிணற்றுத் தண்ணீரிலோ குன்றடி ஓடைத் தண்ணீரிலோ கழுவினால் சுண்ணாம்பு படியத்தானே செய்யும். வினிகரையும் தண்ணீரையும் சமபங்கு கலந்து, துணியில் நனைத்து ஒரு நிமிஷம் ஒற்றி வைத்துக் கழுவு. போய்விட்டால் மேலே படிந்தது. போகவில்லை என்றால் கிளியரைக் கடித்துவிட்டது, அங்கே மட்டும் பாலிஷ். இனிமேல் ஒரு பக்கம் கழுவியதும் அந்தப் பக்கத்தைத் துடை, முழுக் காரையும் நனைத்துவிட்டுத் துணி தேடாதே.

30 ஆகஸ்ட், இரவு 10.50

படம் பார்த்தேன். நன்றாக வந்திருக்கிறது. மாலை வெயிலில் தாழக் குனிந்து பானெட்டின் நெடுக்கில் எடுத்த படம்தான் இருப்பதில் சிறந்தது. சாய்ந்த கோணத்தில் கிளியர் திருப்பி அனுப்பும் வெளிச்சம் கூடிவிடும், அப்போது வெள்ளையும் கறுப்புக்குச் சளைத்ததில்லை.

ரிப்பன் ஒட்டிய டேப்பை இன்றைக்கே எடு. வெயிலில் ரெண்டு நாள் விட்டால் பசை சுட்டு இறுகிவிடும். முடிதிருத்தும் கடை ஹேர் டிரையரில் லேசாகச் சூடு காட்டி, தகரத்தோடு படிய மெதுவாக உரி. மிஞ்சிய பசைக்குத் தாருக்கு வாங்கிய மருந்தே போதும். மல்லிகை, சாமந்தி ஈரத்தோடு ஒட்டிக்கிடந்தால் மஞ்சளாகக் கறை விடும், பூவை உதறாதே, தண்ணீர் விட்டு எடு.

9 செப்டம்பர், காலை 7.30

புகைமூட்டம் மறுபடி வந்துவிட்டது. கட்டாயம் சொல்ல வேண்டியது: கோழி இறகுத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு காலையில் காரைத் தட்டுகிற அங்கிள்மார்களே, தயவுசெய்து நிறுத்துங்கள். ஜூலையில் சாம்பலில் சிலிக்கா என்று எழுதினேனே, அதைக் காய்ந்த நிலையில் இழுத்தால் ஒவ்வொரு இழுப்பும் ஒரு வரி. முதலில் தண்ணீர் பீய்ச்சி இறக்குங்கள். பிறகு இரண்டு வாளி, ஒன்றில் ஷாம்பூ, மற்றதில் துணியை அலச வெறும் தண்ணீர். பாத்திரம் கழுவும் சோப்பு எண்ணெயோடு சீலன்டையும் பதம் பார்க்கலாம், அதைப் பாத்திரத்துக்கே விடுங்கள்.

கட்டிப்பால் (உறைந்த ரப்பர்ப் பால்) ஏற்றிய லோரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் முந்திக்கொண்டு போங்கள் அல்லது தூரமாக விலகி நில்லுங்கள். வழிகிற தண்ணீரில் அமிலம் இருக்கிறது. மூக்கு எச்சரிப்பதற்குக் காரணம் இருக்கிறது.

15 அக்டோபர், இரவு 8.40

ஆயுத பூஜை முடிந்ததும் எதிர்பார்த்தபடியே ஆறேழு பேர்: வெள்ளைப் பானெட்டில் சிவப்பு வட்டம் போகவில்லை.

சந்தனத்தைக் காய்ந்தபின் சுரண்டாதீர்கள், ஊறவைத்துக் கழுவுங்கள். மஞ்சள் கறைக்கு எதுவும் செய்ய வேண்டாம். வண்டியை வெயிலில் விடுங்கள், மஞ்சளின் சாயம் வெயிலில் தானாக வெளுக்கும். குங்குமம்தான் சிக்கல். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்த பழைய குங்குமம் அவ்வளவு ஒட்டாது; கடையில் விற்கிற பலவற்றில் செயற்கைச் சாயம், தண்ணீர் பட்டால் கிளியரின் நுண்ணிய வெடிப்புக்குள் இறங்கும். ஐசோபுரோப்பில் ஆல்கஹாலில் துடைத்துப் பாருங்கள், மிஞ்சினால் கைப்பாலிஷ். அடுத்த வருஷம் பொட்டை முன்கண்ணாடியில் வைத்தால் தொல்லையே இல்லை. வீட்டில் அம்மாவைச் சம்மதிக்க வைப்பது உங்கள் பாடு, எனக்கு இன்னும் முடியவில்லை.

எலுமிச்சம்பழம் நசுங்கிச் சாறு சக்கரத்திலும் கதவடியிலும் தெறித்திருக்கும், அன்றைக்கே தண்ணீர் விடுங்கள். சூடத் தட்டைப் பானெட்டின் மேல் வைக்காதீர்கள். சூட்டில் கொப்புளம் கிளம்பிய கிளியருக்கு, மேலே எழுதிய எதுவும் உதவாது, அந்த இடத்தைத் தேய்த்து மறுபடி ஸ்பிரே அடிக்க வேண்டியதுதான்.